நீச்சல் குளத்தில் ஸ்மார்ட்வாட்ச்: கடிகாரத்தையும் கையையும் காக்கும் முறைகள்

என் பழைய ஸ்மார்ட்வாட்ச்சின் கண்ணாடிக்குள் ஈரம் படர்ந்திருப்பதை முதன்முதலில் கவனித்தது ஒரு மார்கழிக் காலையில். நீந்தி முடித்து, வெந்நீரில் குளித்து, தலை துவட்டிக்கொண்டிருந்தேன். திரையின் கீழ் ஓரத்தில் ஒரு கொத்தமல்லி விதை அளவுக்கு வெண்மையாக மங்கியிருந்தது. துணியால் துடைத்தும் போகவில்லை. மங்கல் கண்ணாடிக்கு உட்புறம் இருந்தது. மதியத்துக்குள் அது தானாகவே மறைந்துவிட்டதால் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மறுநாளும் குளத்துக்கு அணிந்து சென்றேன். மூன்றாம் நாள் மங்கல் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்கு விரிந்தது. ஐந்தாம் நாள் திரையின் குறுக்கே பச்சைக் கோடு விழுந்தது. அதன் பிறகு திரை தொடுதலுக்கு இணங்கவில்லை. பழுதுபார்க்கும் இடத்தில், நீர் புகுந்ததால் ஏற்பட்ட சேதத்துக்கு உத்தரவாதம் செல்லாது என்றார்கள். அங்கிருந்த தொழில்நுட்பப் பணியாளர் மட்டும் பொறுமையாகக் கடிகாரத்தைத் திறந்து, பொத்தானைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே காட்டினார். நூலைப் போல மெல்லிய அந்த வளையம் ஓரிடத்தில் காய்ந்து, சுருங்கி, விரிசல் விட்டிருந்தது.

நான் நீந்தும் குளத்தின் ஆழம் ஐந்தரை அடி. கடிகாரத்தின் பின்புறத்தில் பொறித்திருந்ததோ 50 மீட்டர். இவ்வளவு இடைவெளி இருந்தும் நீர் எப்படி உள்ளே போனது என்று தெரிந்துகொள்ளத் தேடியபோதுதான், நான் கவனமாக இருந்ததெல்லாம் தவறான இடத்தில் என்பது புரிந்தது. ஆழத்தைப் பற்றிக் கவலைப்பட்டேன்; வெந்நீரையும் சோப்பையும் பற்றி ஒரு நாளும் நினைக்கவில்லை. கடிகாரத்தோடு நீந்தத் தொடங்குவோருக்கு அதே இழப்பு நேரக் கூடாது என்பதற்காகவும், கடிகாரத்தை நம்பி நீரில் ஆபத்தைத் தேடிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவும் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

பின்புறத்தில் உள்ள எண் எதைச் சொல்கிறது

கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தால், உணரிகளைச் சுற்றி மிகச் சிறிய எழுத்துகளில் ‘5 ஏடிஎம்’, ‘50 மீட்டர்’ அல்லது ‘ஐபி68’ என்று பொறித்திருக்கும். அங்கே இல்லையென்றால் பெட்டியிலோ கையேட்டிலோ தேட வேண்டும். ஏடிஎம் என்பது வளிமண்டல அழுத்தத்தின் அலகு. நீருக்குள் ஏறத்தாழ 10 மீட்டர் இறங்கும்போது ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. எனவே 5 ஏடிஎம் என்பது, 50 மீட்டர் ஆழத்தில் அசையாமல் நிற்கும் நீர் தரும் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தை அந்த வகைக் கடிகாரம் புதிதாக இருந்தபோது சோதனைக்கூடத்தில் தாங்கியது என்று பொருள்படும். இதை வரையறுப்பது ஐ.எஸ்.ஓ. 22810 என்ற 2010ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரநிலை. ஆழ்கடல் மூழ்குவோருக்கான கடிகாரங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்ற தனித் தரநிலை இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு கடிகாரமும் தனித்தனியாகச் சோதிக்கப்பட வேண்டும். சாதாரண ஸ்மார்ட்வாட்ச் அந்தச் சோதனைக்கு உட்பட்டதில்லை.

நடைமுறையில் 5 ஏடிஎம் கொண்ட கடிகாரத்தை நீச்சல் குளத்திலும், கடலில் மேற்பரப்பை ஒட்டி நீந்தும்போதும் அணியலாம். ஆக்சிஜன் சிலிண்டர் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லும் காற்றுக்கலனோடு மூழ்குவதற்கும், படகின் பின்னே இழுபட்டுச் சறுக்கும் விளையாட்டுகளுக்கும் அது ஏற்றதன்று. 2015இல் வந்த முதல் ஆப்பிள் வாட்ச் நீந்துவதற்கு உரியதாக இருக்கவில்லை. 2016இல் வந்த இரண்டாம் வரிசையிலிருந்துதான் 50 மீட்டர் தரம் கிடைத்தது. 2022இல் வந்த அல்ட்ரா வகைக்கு 100 மீட்டர் தரம் இருந்தும், அந்த நிறுவனம் மூழ்குவதற்கு அனுமதிக்கும் ஆழம் 40 மீட்டர்தான். பொறித்த எண்ணும் பயன்படுத்தத் தக்க ஆழமும் வேறு வேறு என்பதைத் தயாரிப்பாளரே ஒப்புக்கொள்ளும் இடம் இது.

ஐபி67, ஐபி68 என்று மட்டும் எழுதியிருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஐபி67 என்பது 1 மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் அசைவின்றிக் கிடந்ததைக் குறிக்கும். ஐபி68இல் ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளரே முடிவு செய்துகொள்ளலாம், பலர் 1.5 மீட்டர், 30 நிமிடம் என்று வைத்துக்கொள்கிறார்கள். குறைந்த விலையில் கிடைக்கும் கடிகாரங்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. விளம்பரப் படத்தில் நீர்த்துளிகள் தெறிப்பதைப் பார்த்து, நீந்துவதற்கும் ஆகும் என்று வாங்கி ஏமாந்தவர்களைக் குளக்கரையில் நானே பார்த்திருக்கிறேன். மழைக்கும், வியர்வைக்கும், கை கழுவுவதற்கும் ஐபி68 போதும். ஏடிஎம் கணக்கோ மீட்டர் கணக்கோ எங்கும் எழுதப்படாத கடிகாரத்தைக் குளத்தில் அணியாதீர்கள்.

இங்கே பரவலான ஒரு நம்பிக்கையையும் திருத்த வேண்டியிருக்கிறது. கையை வீசி நீந்தும்போது அழுத்தம் பல மடங்காகி, 50 மீட்டர் கடிகாரம்கூட ஒரு மீட்டர் ஆழத்தில் தோற்றுவிடும் என்று பலரும் எழுதுகிறார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் அது பொருந்தவில்லை. கை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நீரை எதிர்த்துச் சென்றாலும், அதனால் கூடும் அழுத்தம் ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம், அவ்வளவே. வேகம் நொடிக்கு 14 மீட்டர் ஆகும்போது, அதாவது 10 மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பவரின் வேகத்தில், அது 10 மீட்டர் ஆழத்துக்கு இணையாகிறது. நீரின் மேற்பரப்பு அறையும் அந்தக் கணத்தில் அழுத்தம் அதைவிடவும் கூடலாம். ஆகவே சாதாரணமாக நீந்துவது கடிகாரத்தைக் கெடுப்பதில்லை. கிணற்று மேட்டிலிருந்து குதிப்பதும், பாலத்திலிருந்து ஆற்றில் பாய்வதும், அருவிக்கு அடியில் நிற்பதும் வேறு கணக்கு. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்கப் போகிறவர்கள் கடிகாரத்தைக் கழற்றி அறையிலேயே வைத்துவிட்டுச் செல்வது நல்லது. அங்கே நீரின் அடியும் எண்ணெயின் பிசுக்கும் சேர்ந்து தாக்கும்.

ரப்பரை எது கெடுக்கிறது

நீரைத் தடுத்து நிறுத்துவது கண்ணாடியின் விளிம்பில் உள்ள பசையும், பொத்தான்களைச் சுற்றிய ரப்பர் வளையங்களும், ஒலிபெருக்கித் துளையை மூடிய மெல்லிய சவ்வும்தான். இவை மூன்றும் காலப்போக்கில் தளரும். எவ்வளவு சீக்கிரம் தளரும் என்பது நாம் கடிகாரத்தை நடத்தும் விதத்தைப் பொறுத்தது.

முதல் பகை வெப்பம். நீந்தி முடித்ததும் கடிகாரத்தைக் கழற்றாமல் வெந்நீரில் குளிப்பதுதான் மிகப் பரவலான பிழை. நீராவி அறைக்கும் சூடான தொட்டிக்கும் அணிந்து செல்வது அதைவிட மோசம். வெப்பத்தில் ரப்பரும் பசையும் இளகுகின்றன. நீராவி, நீர்த்துளி புக முடியாத இடுக்கிலும் புகுந்து, உள்ளே குளிர்ந்து துளியாகிறது. இதற்கு நேர்மாறான சூழலும் உண்டு. வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்தோ, சித்திரை வெயிலில் வண்டி ஓட்டிவரும் கையில் இருந்தோ நன்றாகச் சூடேறிய கடிகாரத்தோடு நேரே குளத்தில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். 45 பாகையிலிருந்து 27 பாகைக்கு இறங்கும்போது உள்ளழுத்தம் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு குறைகிறது. நல்ல வளையம் இதை எளிதில் தாங்கிவிடும். தளர்ந்த வளையத்தின் வழியே அந்தக் குறைவு நீரை உள்ளிழுக்கும். உடை மாற்றும் நேரத்தில் கடிகாரத்தை ஐந்து நிமிடம் நிழலில் ஆறவிட்டாலே போதும்.

அடுத்தது சோப்பு, ஷாம்பு, சீயக்காய்க் குழம்பு, எண்ணெய். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், சாதாரண நீர் நுழையத் தயங்கும் நுண்ணிய இடைவெளிக்குள்ளும் சோப்பு நீர் எளிதாகப் போய்விடுகிறது. மேலும் அது சவ்வில் படிந்து அதன் தன்மையைக் கெடுக்கிறது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு முன் கடிகாரத்தைக் கழற்ற மறக்காதீர்கள். வெயிலைத் தடுக்கப் பூசும் களிம்பு, வாசனைத் திரவியம், கொசுவிரட்டிப் பூச்சு ஆகியவற்றைக் கடிகாரம் அணிவதற்கு முன்பே பூசிக் காயவிட வேண்டும். கொசுவிரட்டிகளில் சேர்க்கப்படும் சில வேதிப்பொருள்கள் பிளாஸ்டிக்கையே கரைக்கக் கூடியவை.

மூன்றாவது பகை, கீழே விழுந்து படும் அடி. தரையில் விழுந்த கடிகாரத்தின் கண்ணாடி உடையாமல் இருக்கலாம்; ஆனால் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையிலான பசை ஓரிடத்தில் விட்டிருந்தால் வெளியில் தெரியாது. கல்தரையில் பலமாக விழுந்த கடிகாரத்தை நான் இப்போது குளத்துக்குக் கொண்டுபோவதில்லை. இந்தத் தீர்மானம் சிலருக்கு மிகையாகத் தோன்றலாம்; ஒரு கடிகாரத்தை இழந்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நீரில் இறங்குவதற்கு முன்

வெளிச்சத்தில் கடிகாரத்தைச் சாய்த்துப் பிடித்து, கண்ணாடியின் ஓரத்தில் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முடியளவு விரிசல் இருந்தாலும் நகம் தட்டும். பின்மூடி ஒரு பக்கம் சற்றே தூக்கியிருந்தால், மின்கலம் வீங்கியிருக்கக்கூடும். அன்றைக்கு நீரில் இறங்கக் கூடாது என்பதோடு, அதைக் கையில் அணியவும் சார்ஜ் செய்யவும் கூடாது. பொத்தான்களை அழுத்தினால் முழுமையாக மீண்டு வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். கடிகாரத்தைச் சுற்றி பிளாஸ்டிக் உறை போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். உறைக்கும் சட்டத்துக்கும் இடையே தங்கும் குளோரின் நீர் வெளியேற வழியின்றி மணிக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

தோல் வார் நீருக்கு ஆகாது. ஊறி, நாறி, சில வாரங்களில் வெடித்துவிடும். உலோகச் சங்கிலி வாரில் உப்பும் அழுக்கும் தங்குவது ஒருபுறமிருக்க, கூட்டமான குளத்தில் பக்கத்துத் தடத்தில் வருபவரின் முகத்தையோ தோளையோ அது கீறிவிடும். சிலிக்கோன் வாரே நல்லது. வாரைக் கடிகாரத்தோடு இணைக்கும் சிறிய கம்பி முள்ளை இருபுறமும் இழுத்துப் பாருங்கள். வார் அறுந்து கடிகாரம் காணாமல் போவது குளத்தைவிட ஆற்றிலும் கடலிலும் அதிகம் நடக்கும், அங்கே தேடிக் கண்டுபிடிப்பதும் அரிது. மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரல் அகலம் முழங்கைப் பக்கமாகத் தள்ளி, நடக்கும்போது அணிவதைவிட ஒரு துளை இறுக்கமாக மாட்ட வேண்டும். தளர்வாக இருந்தால் உணரிக்கும் தோலுக்கும் இடையே நீர் ஓடி, இதயத் துடிப்பின் கணக்கு தாறுமாறாகும். விரல்கள் மரத்துப்போகும் அளவுக்கும் இறுக்க வேண்டாம். வாரின் மிச்ச முனை வளையத்துக்குள் செருகியிருக்கட்டும், இல்லையென்றால் தடம் பிரிக்கும் கயிற்றில் மாட்டிக்கொள்ளும்.

இதன் பிறகு நீர்ப்பூட்டை, அதாவது ‘வாட்டர் லாக்’ என்ற வசதியை, இயக்குங்கள். ஆப்பிளிலும் சாம்சங்கிலும் நீச்சல் பயிற்சியைத் தொடங்கினாலே அது தானாக இயங்கும். மற்றவற்றில் அமைப்புகளில் தேடி இயக்க வேண்டியிருக்கலாம். இந்தப் பூட்டு கடிகாரத்துக்குள் நீர் புகாமல் தடுக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது செய்வது வேறு வேலை. திரையில் படும் நீரை விரல் என்று கடிகாரம் தவறாக எடுத்துக்கொண்டு, பயிற்சியை நிறுத்துவதையும் யாருக்காவது அழைப்பு விடுவதையும் அது தடுக்கிறது. ரப்பர் வளையத்துக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

குளத்தின் நீளத்தையும் சரியாகக் கொடுக்க வேண்டும். நம் ஊர்க் குளங்கள் பல அடிக்கணக்கில் கட்டப்பட்டவை. 75 அடிக் குளத்தை 25 மீட்டர் என்று பதிந்தால், 40 நீளங்களுக்குக் கடிகாரம் 1000 மீட்டர் என்று காட்டும். உண்மையில் நீந்தியது 914 மீட்டர். அடுக்ககக் குளங்களில் நீளம் மிகக் குறைவாக இருந்தால் சில கடிகாரங்கள் அதை ஏற்பதே இல்லை. இது பாதுகாப்பில் சேராத செய்தி போலத் தோன்றினாலும், தன்னால் நிறுத்தாமல் எவ்வளவு தூரம் நீந்த முடியும் என்று தவறாக நம்பிக்கொண்டு ஆழமான இடத்துக்குப் போகிறவருக்கு அந்த 86 மீட்டர் சிறிய பிழையாக இருக்காது.

நீந்தும்போது

எங்கள் குளத்தின் பயிற்சியாளர் புதியவர்களிடம் தினமும் ஒன்றைச் சொல்வார்: “கையைப் பார்க்காதீங்க சார், சுவரைப் பாருங்க. வாட்ச் எங்கேயும் ஓடிடாது.” நீந்திக்கொண்டே மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பவர் மூச்சின் ஒழுங்கைத் தவறவிட்டு நீர் குடிக்கிறார், அல்லது எதிரே வருபவர்மீது மோதுகிறார். பார்க்க வேண்டியதைச் சுவரைப் பிடித்து நின்றபின் பாருங்கள். பொத்தானை அழுத்த வேண்டியிருந்தாலும் கையை நீருக்கு மேலே உயர்த்தி அழுத்துவது நல்லது. நீருக்குள் அழுத்தலாம் என்று கையேடு தெளிவாகச் சொன்னால் ஒழிய, உள்ளே இருக்கும்போது அழுத்தவோ திருகவோ வேண்டாம்.

கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை நீரில் முழுமையாக நம்ப முடியாது. பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, இரத்த ஓட்டத்துக்கேற்ப அது திரும்பிவருவதை அளப்பதுதான் இந்த உணரியின் வேலை. இடையில் நீர் ஓடினாலும், கை வேகமாக அசைந்தாலும், குளிர்ந்த நீரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கினாலும் கணக்கு பிசகும். இதய நோய்க்கு மருந்து உட்கொள்பவர்கள் ‘எண் குறைவாகத்தான் இருக்கிறது’ என்று எண்ணி மேலும் வேகத்தைக் கூட்டக் கூடாது. மூச்சு வாங்குவதும், நெஞ்சு இறுகுவதும், தலை சுற்றுவதும்தான் நின்றுவிட வேண்டிய அறிகுறிகள். திரையில் என்ன எண் இருந்தாலும் சரி.

இதைவிடக் கவலை தருவது இளைஞர்கள் கடிகாரத்தில் நேரம் வைத்துக்கொண்டு நீருக்குள் மூச்சடக்கிப் போட்டி போடுவது. வேகவேகமாகப் பலமுறை மூச்சை இழுத்துவிட்டுப் பிறகு மூழ்கினால், உடலில் கரியமில வாயு குறைந்திருப்பதால் மூச்சு விட வேண்டும் என்ற உந்துதல் தாமதமாகவே வரும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் ஆழமில்லாத குளத்தில் இறப்பது இப்படித்தான். இரத்த ஆக்சிஜன் அளவைக் கடிகாரம் காட்டும், குறைந்தால் எச்சரிக்கும் என்று ஒரு பையன் என்னிடம் சொன்னான். அந்த அளவீட்டுக்குக் கை அசையாமல், உலர்ந்து இருக்க வேண்டும். நீந்தும்போது அது பயன்படாது. தயவுசெய்து உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இதை உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

அவசர அழைப்பு வசதியும் நீருக்குள் துணைக்கு வராது. கைப்பேசி அலைகளும், புளூடூத்தும், செயற்கைக்கோளிலிருந்து வரும் ஜிபிஎஸ் அலைகளும் நீரால் உறிஞ்சப்படுகின்றன. தத்தளிப்பவரின் கை நீருக்குள் இருக்கும்வரை கடிகாரம் யாருக்கும் எதையும் சொல்லாது. உயிர்காப்பாளர் இல்லாத குளத்தில் தனியாக நீந்தாமல் இருப்பதற்கு எந்தக் கடிகாரமும் மாற்றாகாது. குழந்தையின் கையில் இருப்பிடம் காட்டும் கடிகாரத்தைக் கட்டிவிட்டு, கரையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கடலில் நீந்துபவர்களுக்கு இன்னும் இரண்டு செய்திகள். கை நீருக்கு மேலே வரும் ஒவ்வொரு முறையும்தான் ஜிபிஎஸ் இடத்தைப் பிடிக்கிறது. ஆகவே கை பெரும்பாலும் நீருக்குள்ளேயே இருக்கும் தவளை நீச்சலில் தூரமும் திசையும் மிகவும் பிசகும். கரை எவ்வளவு தொலைவு என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், கலங்கரை விளக்கம், பனை, கட்டடம் என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தை வைத்து முடிவு செய்யுங்கள். சொறிமுட்டை என்று நம் கடற்கரையில் சொல்லும் இழுது மீன் கையில் பட்டுவிட்டால், வீக்கம் தொடங்குவதற்கு முன்பே கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். கை வீங்கிய பிறகு வார் இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்தும்.

கரையேறிய பிறகு

முதலில் கடிகாரத்தை நல்ல தண்ணீரில் அலசுங்கள். குழாயை மெல்லத் திறந்துவிட்டு, சோப்பு இல்லாமல், சூடில்லாத நீரில் பத்துப் பதினைந்து நொடிகள் காட்டினால் போதும். பீய்ச்சி அடிக்கும் குழாயை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். திருகு பொத்தான் இருந்தால், கடிகாரத்தை அணைத்துவிட்டு, நீர் ஓடும்போதே அதை மெதுவாகச் சுழற்றுங்கள். கடல் நீர் காய்ந்தால் உப்பு படிகமாகி, பொத்தானின் இடுக்கில் மணலோடு சேர்ந்து அரம் போல ரப்பரை அராவும். குளோரின் நீர் மெதுவாகக் கெடுக்கும். கெடுதல் இரண்டிலும் உண்டு.

பிறகு நீர்ப்பூட்டை விலக்குங்கள். ஆப்பிளிலும் சாம்சங்கிலும் பொத்தானை அழுத்திப் பிடித்தால், கடிகாரம் சில ஒலிகளை எழுப்பி ஒலிபெருக்கித் துளையில் தேங்கிய நீரைத் தள்ளும். ஒலிபெருக்கி கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்தால் சிறு துளிகள் தெறித்து விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதன் பின்னும் சில மணி நேரம் குரல் அடைத்தாற்போலக் கேட்டால் அஞ்ச வேண்டாம், தானாக உலரும். ஊசியால் குத்துவதும், முடி உலர்த்தியால் சூடான காற்றைச் செலுத்துவதும், வாயால் ஊதுவதும் சவ்வைக் கிழிக்கவோ ஈரத்தை உள்ளே தள்ளவோ செய்யும். நூல் உதிராத பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, வாரைக் கழற்றித் தனியாக அலசி, இரண்டையும் நிழலில் காற்றாட வையுங்கள்.

பின்புறத்தில் உள்ள சார்ஜர் முனைகள் முழுமையாகக் காயும்வரை மின்னிணைப்புக் கொடுக்காதீர்கள். ஈரமும் உப்பும் இருக்கும் உலோக முனையில் மின்னோட்டம் பாய்ந்தால் அது விரைவில் அரிக்கப்படும். பச்சையும் கறுப்புமாகப் படிவு தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று அறியலாம். நீந்திவிட்டு வந்த அவசரத்தில், அலுவலகம் போவதற்குள் கொஞ்சம் ஏறட்டும் என்று மாட்டுவதுதான் இங்கே வழக்கமான தவறு. முந்தைய இரவே சார்ஜ் செய்துவிட்டால் அந்த அவசரம் இருக்காது.

மணிக்கட்டின் தோல்

என் தங்கை மகனுக்குக் கோடை விடுமுறையில் நீச்சல் வகுப்பு. மூன்றாம் வாரம் கடிகாரத்தைக் கழற்றியபோது, உணரி பதிந்திருந்த இடத்தில் வட்டமாக, அச்சு வைத்தாற்போல, சிவந்த தடிப்பு. அதன் நடுவில் தோல் வெளுத்து ஊறியிருந்தது. காலையில் நீந்திவிட்டு அப்படியே விளையாட்டு, தூக்கம் என்று அதைக் கழற்றாமலே இருந்திருக்கிறான். வாருக்கு அடியில் தங்கிய ஈரம், வியர்வை, குளோரின் ஆகியவை தோலைத் தேய்த்துப் புண்ணாக்கியிருந்தன. ஐந்து நாள் கடிகாரம் இல்லாமல் தோலை உலர்வாக வைத்ததில் சரியாகிவிட்டது.

பெரும்பாலான தடிப்புகள் இப்படிப்பட்டவைதான். நீந்தியதும் மணிக்கட்டையும் நன்றாகக் கழுவித் துடைத்து, முழுவதும் உலர்ந்த பிறகே கடிகாரத்தை மீண்டும் அணிய வேண்டும். முடிந்தால் மறு கையில் அணியலாம். சிலருக்கு மட்டும் ஒவ்வாமை இருக்கும். கொக்கியில் உள்ள நிக்கலும், பசையில் உள்ள அக்ரிலேட் வகைப் பொருள்களும் அதற்குப் பெயர் பெற்றவை. 2014இல் ஃபிட்பிட் நிறுவனம் தோல் எரிச்சல் புகார்களால் ஃபோர்ஸ் என்ற தன் கைப்பட்டையையே விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றது. தடிப்பு ஒரு வாரத்தில் குறையாவிட்டாலோ, கொப்புளமாகி நீர் வடிந்தாலோ, கடிகாரம் படாத இடத்துக்குப் பரவினாலோ, வீட்டிலிருக்கும் களிம்புகளைத் தடவிப் பார்க்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உள்ளே நீர் புகுந்துவிட்டால்

கண்ணாடிக்குள் மங்கலோ துளியோ தெரிந்த உடனே கடிகாரத்தைக் கழற்றி அணைத்துவிட வேண்டும். மறைந்துவிட்டது என்று நான் விட்டது போல விடாதீர்கள்; மங்கல் மறைந்தாலும் நீர் வந்த வழி திறந்தேதான் இருக்கிறது. சார்ஜரில் வைக்கக் கூடாது. அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பதால் பயனில்லை. அரிசியின் தூசியும் மாவும் துளைகளை அடைக்கும். வெயிலில் வைத்தால் மின்கலம் சூடாகும். அணைத்த நிலையில் அப்படியே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவதுதான் வழி. குளோரின் நீரா, கடல் நீரா என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திறந்து துடைப்பதற்கு எவ்வளவு அவசரம் என்பது அதைப் பொறுத்தது.

நீர் புகுந்த கடிகாரம் மீண்டும் உயிர்பெற்றாலும் அதை நீந்துவதற்கு எடுத்துச் செல்லாதீர்கள். நீர்த்தடுப்பு நிலையானதன்று, அதை மறுபடி சோதிக்கவோ மீண்டும் அடைக்கவோ இயலாது என்று ஆப்பிள் தன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. வேறு யாரிடமாவது திறந்து மின்கலம் மாற்றிய கடிகாரத்துக்கும் இதே விதி. நான் இப்போது பயன்படுத்தும் கடிகாரத்தின் பெட்டியில் வாங்கிய தேதியை எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டு நிறைந்ததும் அதை நடைப்பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்வதாக எண்ணம். வீங்கிய அல்லது நனைந்த மின்கலத்தோடு இருக்கும் பழைய கடிகாரத்தை அலமாரியில் போட்டு வைக்காமலும், குப்பைத் தொட்டியில் வீசாமலும், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். லித்தியம் மின்கலம் குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பற்றும்.